கேப் கடற்கரையில் பிறந்த வாசனை

ஃப்ரீசியா கட்டைப் பிரித்ததும் முதலில் காம்பின் முனையைத்தான் பார்ப்பேன். நிமிர்ந்து வந்த காம்பு முதல் மொட்டுக்குக் கீழே சட்டென்று மடங்கிப் படுத்துவிடும். மொட்டுகள் அத்தனையும் மேல்பக்கமாகவே, சீப்புப் பற்களைப் போல நிற்கும். அடிமொட்டு முதலில் விரியும், நுனிமொட்டு கடைசியில். லண்டன் பூக்கடையில் தினமும் ரோஜாவைக் கையாண்டாலும், என் மனம் ஒட்டிக்கொண்டது இதனிடம்தான். நாங்கள் விற்கும் ஃப்ரீசியா எந்தக் காட்டிலும் தானாக முளைத்ததில்லை.

மூதாதைச் செடிகளின் ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே குளிர்கால மழையில் தளிர்த்துப் பூத்து, கோடை வறட்சியைக் கிழங்காக மண்ணுக்குள் உறங்கிக் கழிப்பவை அவற்றில் பல. 1823-இல் மருந்தாளராக அங்கே போன எக்லோன், கடைசியில் செடி சேகரிப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். கீல் நகரத்து மருத்துவர் ஃப்ரீஸின் பெயரை ஃப்ரீசியாவுக்கு வைத்தவர் அவர்தான். கிளாட் என்ற தாவரவியலாளர் அதை முறைப்படி வெளியிட 1866 ஆகிவிட்டது.

1870-களில் இத்தாலியின் படுவா தாவரவியல் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ஃப்ரீசியாவைத் தோட்டக்கலைஞர் மாக்ஸ் லைக்ட்லின் கண்டெடுத்தார். வெளிறிய பாலாடை நிறம், கீழிதழில் மஞ்சள் தீற்றல், நல்ல மணம். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் தவிர வேறு நிறம் அப்போது தோட்டக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹியூமன்ஸ்டார்ப் பக்கமிருந்து ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் அனுப்பிய இளஞ்சிவப்புச் செடிதான் கதையை மாற்றியது. 1898-இல் கியூ தோட்டத்தின் வில்லியம் வாட்சன் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். மணத்தில் அது ஏழை. ஆனால் வெளிறிய பூக்களோடு அதை இனக்கலப்புச் செய்ததும் ஊதா, சிவப்பு, ஆரஞ்சு என்று வழி திறந்தது. ஃப்ளாரன்ஸ் அருகே ராஜியோனியேரியும், ஹார்லமில் வான் டூபர்கன் நிறுவனத்தாரும் அந்த வேலையில் முன்னோடிகள்.

பிறகு வந்தவர்கள் பெரிய பூ, அடுக்கிதழ், நீண்ட காம்பு என்று தேடிப் போனார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் மணமில்லாத ஃப்ரீசியாவை என்னால் ஃப்ரீசியா என்று ஏற்க முடியவில்லை. அந்த வாசனையில் முக்கியமானது லினலூல். நம் கொத்தமல்லி விதையிலும் அதுதான் மிகுதி. வாங்க வருபவர்களிடம் நிறத்தைப் பேசுவதற்கு முன் ஒரு காம்பை மூக்கருகே நீட்டிவிடுவேன்.

இங்கிலீஷ் கால்வாயிலுள்ள கர்ன்ஸி தீவின் கண்ணாடிக் குடில்களிலிருந்து ஃப்ரீசியா பெட்டி பெட்டியாகத் தபாலில் வீடுகளுக்குப் போனது. இப்போது பெரிய அளவில் விளைவிப்பது நெதர்லாந்து. எங்கே வளர்த்தாலும் கிழங்கு தன் ஊரின் பருவத்தைக் கேட்கிறது. நடுமுன் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில் 3 மாதம் வைத்தால்தான் உறக்கம் கலையும். நட்டபின் மொட்டு உருவாக மண் குளிர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் டச்சு விவசாயிகள் கோடையில் பாத்திக்குள் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓட்டுகிறார்கள்.