குற்றாலத்துக் காயா

திருமாலுக்குக் 'காயாம்பூ வண்ணன்' என்று பெயர். அப்படிச் சொல்பவர்களில் காயாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! குற்றால மலைக்காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளரும், என்றும் பச்சையான புதர் இது. நீலப்பூ, கறுத்துப் பழுக்கும் சிறு பழம். இதன் உறவுச்செடி ஒன்றுக்குத் தாவரவியலாளர்கள் குற்றாலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் காயாவின் சரித்திரம் இலையில் இருக்கிறது. பழைய தாவரப்பெயர் மெமிசைலான் டிங்டோரியம். லத்தீனில் 'சாயத்துக்குரியது' என்று அர்த்தம். இலை மஞ்சள் சாயம் தரும். மண்ணிலுள்ள அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்தும் வைக்கும். படிகாரம் துணியில் சாயத்தைப் பிடிக்க வைப்பதும் இந்த அலுமினியத்தால்தான். வேதியியல் படிக்காத நம் சாயக்காரர்கள் சாயவேரோடு காயா இலையைச் சேர்த்துச் சிவப்பை நிலைக்க வைத்தார்கள்.

சாயவேரின் சிவப்பு அலிசரின். 1869-ல் ஜெர்மானியர்களும் பெர்கினும் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காப்புரிமை கேட்டார்கள். ஆலைச் சாயம் வந்ததும் வேருக்கு வேலை போனது. கூடவே காயா இலைக்கும்.