பெட்டைக் குதிரையின் கருப்பை அழற்சி: ஒரு கருத்து மாறிய வரலாறு

சேர்க்கைக்குப் பிறகு பெட்டைக் குதிரையின் கருப்பை உட்சவ்வு சிவந்து வீங்கி, உள்ளே நீர் கோப்பதைக் கருப்பை அழற்சி என்கிறோம். பந்தயக் குதிரை வளர்ப்பில் சினை பிடிக்காமைக்கு முக்கியமான காரணங்களுள் இது ஒன்று. பெரும்பாலான குதிரைகளில் இது ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். நூற்றுக்குப் பத்து, பதினைந்து குதிரைகளில் மட்டும் அடங்காமல் நீடிக்கும். ஏன் அப்படி என்ற கேள்விக்குக் கால்நடை மருத்துவர்கள் தந்த விடை இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தையே இக்கட்டுரை சொல்கிறது.

முதலில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசுவைச் சேரும் காளையின் விந்து யோனியில்தான் விழும். குதிரையில் விந்து நேராகக் கருப்பைக்குள்ளேயே பாய்கிறது. அதனோடு தூசியும் பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. கருவுற்ற முட்டை, கருக்குழாயிலிருந்து ஏறக்குறைய ஆறாம் நாளில் கருப்பைக்கு வந்து சேரும். அதற்குள் கருப்பை தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி நாட்காட்டி பற்றியது. வட அரைக்கோளத்தில் தரோபிரெட் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடுகிறது, அவை எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் சரி. குதிரையின் சினைக்காலம் பதினொரு மாதம். ஆகவே பிப்ரவரி நடுவிலேயே சேர்க்கையைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு சினைப்பருவம் வீணானால் மூன்று வாரம் போய்விடும். இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கும் அனுமதி கிடையாது. இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குட்டி ஈனாத குதிரையின் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிருமியும் தையலும்

1920களில் அமெரிக்காவின் கென்டக்கி வேளாண் ஆய்வு நிலையத்தில் டிமாக், எட்வர்ட்ஸ் ஆகியோர் மலட்டுக் குதிரைகளின் இனப்பெருக்க உறுப்புகளில் எந்தெந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று விரிவாக ஆராய்ந்தார்கள். அடிக்கடி அகப்பட்டது ஸ்டிரெப்டோகாக்கஸ் இனம். கருப்பைக்குள் கிருமி இருக்கிறது, அதனால் சினை நிற்கவில்லை என்பது அன்றைய முடிவு.

கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதற்கு 1937இல் கேஸ்லிக் என்ற கால்நடை மருத்துவர் ஒரு விடை சொன்னார். வயதான, மெலிந்த குதிரைகளில் பெண்குறியின் உதடுகள் சாய்ந்துபோய்ச் சரியாக மூடுவதில்லை. குதிரை நடக்கும்போதும் ஓடும்போதும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்றோடு சாணத்துகளும் போகிறது. உதடுகளின் மேற்பகுதியைத் தைத்து மூடிவிட்டால் போதும் என்றார். கேஸ்லிக் தையல் என்ற பெயரில் அந்த எளிய அறுவை இன்றும் உலகெங்கும் நடக்கிறது. இந்தத் துறையில் பழசாகாத கண்டுபிடிப்பு அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

1969: ஒரே கிருமி, இரு விளைவு

கருத்து மாறத் தொடங்கியது ஓர் எளிய சோதனையில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹியூஸ், லாய் என்ற இருவர் குதிரைகளின் கருப்பைக்குள் ஸ்டிரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைத் தாங்களே செலுத்திப் பார்த்தார்கள். இளம், ஆரோக்கியமான குதிரைகள் சில நாட்களிலேயே கிருமியை முழுதும் அகற்றிவிட்டன. பல ஈற்றுகள் கண்ட, ஏற்கெனவே கருப்பை நோய் இருந்த குதிரைகளால் அது முடியவில்லை.

அதே கிருமி, அதே வழி, ஆனால் விளைவு வேறு. அப்படியானால் வேறுபாடு குதிரையிடம்தான் இருக்க வேண்டும். இதிலிருந்து குதிரைகளை ‘எதிர்த்து நிற்பவை’, ‘எளிதில் ஆட்படுபவை’ என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது.

இடையில் 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பண்ணைகளில் புதிய தொற்று ஒன்று வெடித்தது. அதைத் தொற்றும் கருப்பை அழற்சி என்பார்கள். இன்று டெய்லோரெல்லா என்று பெயர் பெற்றிருக்கும் அந்தப் பாக்டீரியா இளையது, முதியது என்று பார்க்காமல் தாக்கியது. பொலிகுதிரையிடம் நோயின் அடையாளம் எதுவும் தெரியாமலே அதன் வழியாகப் பரவியது. அடுத்த ஆண்டே கென்டக்கிக்கும் போய்ச் சேர்ந்தது. இது உண்மையிலேயே கிருமியின் குற்றம்தான். சேர்க்கைக்கு முன் பொலிகுதிரைக்கும் பெட்டைக்கும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் கட்டுப்பாடுகள் இதனால்தான் வந்தன. ஆனால் நியூமார்க்கெட் கதை, ஹியூஸும் லாயும் எழுப்பிய கேள்விக்கு விடையாகாது.

எதிர்ப்பாற்றலைத் தேடிய காலம்

எளிதில் ஆட்படும் குதிரைக்கு நோயெதிர்ப்பாற்றல் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1970களின் இறுதியிலிருந்து ஆய்வாளர்கள் அதைத்தான் தேடினார்கள். கருப்பைத் திரவத்தில் எதிர்ப்பொருள்களை அளந்தார்கள். ஆட்படும் குதிரைகளில் அவை குறைந்திருக்கவில்லை. சில அளவீடுகளில் கூடுதலாகவே இருந்தன!

அடுத்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களைப் பார்த்தார்கள். சீழில் நிறைந்திருப்பவை இவைதான். ஆட்படும் குதிரைகளிலும் அவை வேண்டிய அளவு வந்து சேர்ந்தன. ஆனால் அந்தக் கருப்பைத் திரவத்தில் அவற்றின் வேலைத்திறன் குறைவாக இருப்பதாகச் சில சோதனைகள் காட்டின. இதை வைத்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆஸ்பரி, குதிரையின் இரத்தப் பிளாஸ்மாவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையை 1984இல் எழுதினார். குறைந்துபோன பாதுகாப்புப் பொருளை வெளியிலிருந்து ஊற்றுவது என்பது அதன் நோக்கம். ஆட்படும் குதிரைக்கு எதிர்ப்பாற்றல் போதவில்லை என்ற எண்ணம் அன்று எவ்வளவு வலுவாக இருந்தது என்பதை இந்தச் சிகிச்சையே காட்டும்.

வடிகால்

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பாக்டீரியாவோடு, உயிரற்ற நுண்ணிய துகள்களையும் கருப்பைக்குள் விட்டுப் பார்த்தார்கள். அத்துகள்களை எதிர்ப்பொருளும் தாக்காது, வெள்ளையணுவும் கொல்லாது. அவை வெளியேற வேண்டுமானால் கருப்பைத் தசை சுருங்கித் தள்ள வேண்டும். 1991இல் டுரோட்சன், லியூ ஆகியோர் குரோமியம் கலந்த துகள்களைக் கொண்டு இரு வகைக் குதிரைகளையும் ஒப்பிட்டார்கள். ஆட்படும் குதிரைகளில் துகள்கள் தேங்கிவிட்டன. 1993இல் தசையின் மின்னசைவையே பதிவு செய்தபோது, கிருமியைச் செலுத்திய பல மணி நேரத்துக்குப் பின் இக்குதிரைகளில் சுருக்கம் தளர்ந்துபோவது தெரிந்தது. 1994இல் மிஷெல் லெபிளாங்க் குழுவினர் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தைக் கருவியில் படமாகவே பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பல குட்டிகள் ஈன்ற குதிரையின் கருப்பை, இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே தொங்கிப்போகிறது. அதிலுள்ள நீர் மேட்டில் ஏறித்தான் வெளியே வர வேண்டும். வயது ஏறியும் ஒரு முறைகூட ஈனாத குதிரைகளுக்கு வேறு சிக்கல். சினைப்பருவத்திலும் கருப்பை வாய் சரியாகத் தளர்வதில்லை. மழைக்காலத்தில் வாய்க்கால் மேடேறிய தெருவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் எல்லாத் தெருவிலும்தான் விழுகிறது. தேங்குவது ஒரு தெருவில்தான்.

நோய் இப்படிப் புரிந்தவுடன் மருந்தும் மாறியது. கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மிக மலிவான ஊசி. பிரசவத்தில் அதன் பயனை எல்லோரும் அறிவார்கள். லண்டனில் ஆலன் 1991இல் அதைக் கருப்பை நீரை வடிக்கப் பயன்படுத்திக் காட்டினார். லெபிளாங்கின் படங்களிலும் ஊசி போட்ட சிறிது நேரத்தில் தேங்கியது வெளியேறியது தெரிந்தது. கருவுறத் தேவையான விந்தணுக்கள் சேர்க்கைக்குப் பின் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாயை அடைந்துவிடுகின்றன. அதன்பின் கருப்பையை உப்புநீரால் கழுவினாலும் சினைக்குக் கெடுதலில்லை. கழுவுதலும் ஆக்சிடோசினும்தான் இன்றைய வழக்கமான முறை.

விந்தணுவே தூண்டுகோல்

1994இல் பின்லாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கொட்டிலைனென், ஹுஹ்டினென், காட்டிலா ஆகியோரின் ஆய்வில், பாக்டீரியாவை விலக்கிவைத்துப் பார்த்தாலும் விந்தணு மட்டுமே நியூட்ரோஃபில்களைப் பெருமளவில் கருப்பைக்குள் வரவழைத்தது. அப்படியானால் சேர்க்கைக்குப் பின் எல்லாப் பெட்டைக் குதிரைக்கும் அழற்சி வரும், வரவும் வேண்டும். மிஞ்சிய விந்தணுவைத் துப்புரவு செய்யும் வேலை அது. அழற்சி என்றாலே நோய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைப் படித்தபோது சற்றுக் கூச்சமாக இருந்தது.

எனவே கேள்வி, அழற்சி ஏன் தொடங்குகிறது என்பதிலிருந்து ஏன் முடியவில்லை என்பதற்கு நகர்ந்தது. 2000க்குப் பின் உட்சவ்வின் மரபணுச் செயல்பாட்டையே அளக்க முடிந்தது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களும் உண்டு, அடக்குபவையும் உண்டு. கென்டக்கியில் வுட்வர்டு குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, கருவூட்டலுக்கு ஆறு மணி நேரம் கழித்து, எதிர்த்து நிற்கும் குதிரைகளில் அடக்கும் வகையைச் சேர்ந்த இன்டர்லூக்கின்-10 கூடுதலாக இருந்தது. ஆட்படும் குதிரைகளில் அந்த அடக்குமுறை பிந்திவிடுகிறது.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல், புக்கா என்பவரும் உடனாய்வாளர்களும் ஒரு துணிச்சலான சோதனையை வெளியிட்டிருந்தார்கள். சேர்க்கை நேரத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடுவது. அது நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து. ஆட்படும் தன்மைக்கான பல அறிகுறிகள் சேர்ந்திருந்த குதிரைகளில் சினை பிடிப்பது கூடியது. ஆஸ்பரி பாதுகாப்புப் பொருளை ஊற்றிக் கூட்ட முயன்றதற்கும் இதற்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். கருப்பையில் கிருமித்தொற்று இருக்கும் குதிரைக்கு இந்த ஊசி ஆகாது. ஆகவே முன்னதாக மாதிரி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்த பிறகே போடுகிறார்கள்.