மேசன் பாஸ்மாரின் சங்கமும் ஆற்காட்டு நவாபும்: பிரீமேசன்கள் பற்றி

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பகுதி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கண், முக்கோணம், கவராயம், பின்னால் நெஞ்சைப் படபடக்க வைக்கும் இசை. பிரீமேசன் என்றொரு கூட்டம் உலகத்தை இரகசியமாக ஆள்கிறதாம், தஜ்ஜாலின் வருகைக்குப் பாதை போடுகிறதாம். புல்மோட்டையில் தொடங்கி, குச்சவெளிக்குப் போய், திரியாய் குழுமத்துக்கும் வந்துவிட்டது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பில் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், மேசன் பாஸ் எண்டா வீடு கட்டுறவர்தானே? அவர் ஏன் உலகத்தை ஆளப்போறார்?" என்றது. வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கதை தொடங்குவதே மேசன் பாஸ்மாரிடம்தான்.

ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களும் கோட்டைகளும் கட்டிய காலத்தில் ஒரு கட்டடம் முடிய ஐம்பது வருடம், நூறு வருடம் எடுக்கும். கல்வேலைக்காரர் ஊர்விட்டு ஊர் போய் வேலை செய்தார்கள். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் கூடுகின்ற கொட்டிலுக்கு லொட்ஜ் என்று பெயர். நமக்கு லொட்ஜ் என்றால் கொழும்புக்கு டொக்டரிடம் போனால் இராத்தங்கும் இடம். அவர்களுக்கு அது வேலை பழகும் இடம், சண்டை தீர்க்கும் இடம், செத்தவனின் மனைவிக்குக் காசு சேர்க்கும் இடம். தெரியாத ஊருக்குப் போகும் தொழிலாளி தான் உண்மையிலேயே தொழில் பழகியவன் என்று எப்படி நிரூபிப்பான்? அடையாள அட்டை இல்லாத காலம். அதற்கு ஒரு சொல், கை பிடிக்கின்ற ஒரு முறை. இரகசியத்தின் ஆரம்பம் இவ்வளவுதான். எடின்பரோ லொட்ஜின் 1599ஆம் ஆண்டுக் கூட்டக்குறிப்பு இன்றும் இருக்கிறது.

இப்படியான சங்கங்கள் நமக்குப் புதினமா? திரியாயில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. நாம் கந்தசாமிமலை என்றும், சிங்கள மக்கள் கிரிஹண்டு சேய என்றும் சொல்கின்ற மலையில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து தென்னிந்தியக் கிரந்தம், காலம் ஏழாம் எட்டாம் நூற்றாண்டு. அதிலே இந்தச் சைத்தியத்தோடு தொடர்புபட்டவர்களாக இரண்டு வணிகக் கூட்டங்களின் பெயர்கள் வருகின்றன என்று பேராசிரியர் பரணவிதான வாசித்தார்: திரபுஸ்ஸகர், வல்லிககர். (மலை யாருக்குரியது என்ற வழக்கை இங்கே கொமண்டில் தொடங்க வேண்டாம், தயவுசெய்து.) நான் சொல்ல வருவது வேறு. கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரு பெயர் வைத்துக்கொண்டு, உழைப்பில் ஒரு பங்கைப் புண்ணிய காரியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இலண்டனில் பிரீமேசன்கள் கூடியதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னர், நம் ஊரில்.

முஸ்லிம்களிடமும் இது இருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாதமலை ஏறிய இப்னு பதூதா நமக்குத் தெரிந்தவர். அவர் அதற்குச் சில வருடம் முந்தி இன்றைய துருக்கியில் இருந்தபோது நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். பழைய உடுப்புப் போட்ட ஒருவர் வந்து அவரை விருந்துக்குக் கூப்பிடுகிறார். இந்த ஏழை மனிதருக்கு ஏன் கஷ்டம் கொடுக்க வேண்டும் என்று இப்னு பதூதா தயங்குகிறார். பக்கத்தில் இருந்த ஷெய்க் சிரித்துவிட்டுச் சொல்கிறார்: இவர் தோல் தைக்கும் தொழிலாளி, ஆனால் 'அகீ' சங்கத்தின் தலைவர்களில் ஒருவர், இவருக்குக் கீழே சுமார் இருநூறு கைத்தொழிலாளர் இருக்கிறார்கள். பகலில் உழைப்பதை இரவில் ஒன்றாகக் கொண்டுவந்து பயணிகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். அதற்கென்றே ஒரு மடம் கட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நம் ஊர் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் ஞாபகம்தான் வரும்.

சரி, கல் உடைக்கின்றவர்களின் சங்கம் கனவான்களின் சங்கமாக மாறியது எப்படி? பெரிய கட்டட வேலைகள் குறைந்தன. சங்கத்துக்குள் கல் தொடாதவர்களும் கௌரவ உறுப்பினராக வரத் தொடங்கினார்கள். 1717 ஜூன் 24ஆம் திகதி இலண்டனில் ஒரு மதுக்கடை மாடியில் நான்கு லொட்ஜ்கள் சேர்ந்து ஒரு மாபெரும் லொட்ஜை அமைத்தன. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த சட்டநூல் அச்சில் வந்தது. இரகசியச் சங்கத்தின் யாப்பு முந்நூறு வருடமாகப் புத்தகமாக விற்பனையில் இருக்கிறது!

உள்ளே என்ன நடக்கிறது? அதுவும் எப்போதோ வெளியே வந்துவிட்டது. மூன்று படிகள்: பயிலுநர், தொழிலாளி, மேசன் பாஸ். மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு எல்லாம் ஒழுக்கத்துக்கு உவமானங்கள். இருபத்து நான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளின் இருபத்து நான்கு மணித்தியாலம்: தொழுகைக்கும் துன்பப்பட்டவனுக்கு உதவுவதற்கும் ஒரு பங்கு, தொழிலுக்கு ஒரு பங்கு, ஓய்வுக்கு ஒரு பங்கு. இறைவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பாதவனை ஆங்கிலேய மரபு லொட்ஜில் சேர்க்க மாட்டார்கள். முஸ்லிம் உறுப்பினர் குர்ஆன் மீது சத்தியம் செய்வார். கூட்டத்தில் அரசியலும் மதமும் பேசத் தடை.

எனக்குப் பிடித்த சடங்கு ஒன்று உண்டு. புதிதாகச் சேர வருகிறவரிடம் காசு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிவிடுவார்கள். கண்ணைக் கட்டி உள்ளே கொண்டுபோவார்கள். சத்தியம் எல்லாம் முடிந்த பிறகு எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். மனிதர் மடியைத் தடவிப் பார்ப்பார், ஒரு சதம் இருக்காது. கையை விரித்துக்கொண்டு நிற்பார். இல்லாதவன் எப்படி நிற்பான் என்று இப்போது தெரிகிறதா என்பதுதான் பாடம். நோன்பு பிடித்தவனுக்குத்தானே பசி தெரியும்.

அந்தப் பாடம் காரியத்திலும் வந்தது. 1788இல் இலண்டனில், வறுமைப்பட்ட பிரீமேசன்களின் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையா என்று கேட்ட காலம் அது. பத்து வருடம் கழித்து ஆண்பிள்ளைகளுக்கும் ஏற்பாடு செய்தார்கள். முதலில் தங்கள் விதவைகள், அநாதைகள், பிறகு வைத்தியசாலை, பஞ்ச நிவாரணம் என்று கை நீண்டது. ஆனால் அதே பெண்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானால் லொட்ஜுக்குள் இடமில்லை. பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அந்த மரபின் விதி, இன்றுவரை.

நம் பக்கத்துக்கு இது கப்பலில் வந்தது. 1730களுக்குள் கல்கத்தா, 1752இல் சென்னை, 1770களில் ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பு. பிரித்தானியப் படைப்பிரிவுகள் தங்களோடு நடமாடும் லொட்ஜ்களையே கொண்டு திரிந்தன. கொழும்பு சென் ஜோன்ஸ் லொட்ஜ் 1838இல் தொடங்கியது. இன்றும் கொழும்பு 3இல், காலிமுகத்திடலுக்குக் கிட்ட, விக்டோரியா மேசானிக் டெம்பிள் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. உலகத்தை ஒளித்து ஆள்கிறவர்கள் பெயர்ப்பலகை போடுவார்களா என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

இனி நவாபின் கதை. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலோடு பெயர் சேர்ந்திருக்கும் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா. 1770களின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் ஒரு லொட்ஜில் சேர்ந்தார். இலண்டனுக்கு ஒரே சந்தோஷம். அலங்காரம் செய்த தோல் ஏப்ரனும் சட்டநூலின் ஒரு அழகான பிரதியும் கப்பலில் அனுப்பினார்கள். அவர் நன்றி தெரிவித்துப் பாரசீக மொழியில் கடிதம் எழுதினார். சகோதரர் என்றே இரு பக்கமும் அழைத்துக்கொண்டார்கள். 1795இல் உம்தத்துல் உமரா நவாபானார். அதே வருடம்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பம் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் நவாப் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, சொன்னதுக்குச் சம்மதிக்காத அவருடைய மகனை ஒதுக்கிவிட்டு, சம்மதித்த வேறொருவரை நவாபாக்கி, கர்நாடக தேசத்தின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. தோல் ஏப்ரன் ஒன்றும் செய்யவில்லை. லொட்ஜுக்குள் சகோதரன், கச்சேரியில் எதிரி.

இதே இடறல் வேறு இடங்களிலும் உண்டு. பொஸ்டனில் 1775இல் பிரின்ஸ் ஹோல் என்ற கறுப்பினத்தவரை ஒரு அயர்லாந்துப் படை லொட்ஜ் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க வெள்ளையர் லொட்ஜ்கள் அவரை ஏற்கவில்லை. அவர் தனியாக ஒரு மரபையே தொடங்கினார், அடிமைமுறைக்கு எதிராக மனுக் கொடுத்தார். கல்கத்தாவில் ஓர் இந்துவைச் சேர்க்கலாமா என்று வருடக்கணக்கில் இழுபட்டு, 1872இல்தான் பிரசன்ன குமார் தத் உள்ளே போனார். இந்தச் சகோதரத்துவத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய விமர்சனமே இதுதான்: வாசலில் நிறம் பார்த்துக்கொண்டு உள்ளே சமத்துவம் பேசியது.

முஸ்லிம்கள் வேறு யார் சேர்ந்தார்கள் என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிர், 1860இல் டமஸ்கஸ் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தன் ஆட்களை விட்டுக் காப்பாற்றினார். அதைப் பாராட்டிப் பாரிஸ் லொட்ஜ் ஒன்று கடிதம் எழுதியது. 1864இல் அலெக்ஸாந்திரியாவில் அவரைச் சேர்த்தார்கள். ஜமாலுத்தீன் ஆப்கானி கெய்ரோவில் சேர்ந்தார். அங்கே அரசியல் பேசக்கூடாது என்றதும், அநியாயத்தைப் பேசாத சகோதரத்துவம் எதற்கு என்று முரண்பட்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மக்காவில் உள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 1978 ஜூலையில் பிரீமேசன் அமைப்பைக் கடுமையாகக் கண்டித்து, முஸ்லிம் அதில் சேரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1738இலேயே தடை செய்திருந்தது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். சேரச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் கள்ள வேலையே நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை: இத்தாலியில் 1981இல் பொலிஸார் பிடித்த பி-2 லொட்ஜின் பட்டியலில் அமைச்சர்கள், படைத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் எல்லாம் இருந்தார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது. அது ஆவணத்தோடு பிடிபட்ட குற்றம். வீடியோக்காரர் காட்டுவது அதுவல்ல.

அவர் காட்டுவது எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்ஸில் லியோ டக்ஸில் என்று ஒரு எழுத்தாளர். 1885இலிருந்து பிரீமேசன்கள் ஷைத்தானை வணங்குகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். உள்ளே இருந்து தப்பி வந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் என்று தொடர் போட்டார். பாப்பரசரே அவரைச் சந்தித்தார், காசு கொட்டியது. 1897 ஏப்ரல் 19ஆம் திகதி அந்தப் பெண்ணை நேரில் காட்டுவதாகச் சொல்லிப் பாரிஸில் மண்டபம் நிறையக் கூட்டம் சேர்த்தார். மேடையில் ஏறி, பன்னிரண்டு வருடமாக எழுதியதெல்லாம் தன் கட்டுக்கதை, உங்களை ஏமாற்றினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சனம் கொதித்தது, பொலிஸ் பாதுகாப்போடு வெளியே போனார். கதை எழுதியவனே பொய் என்று சொல்லி நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும், அந்தக் கதை தமிழில் குரல் கொடுக்கப்பட்டு புல்மோட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. அதிலும் கமரா, அதிலும் நெஞ்சைப் படபடக்க வைக்கும் ஒரு குரல். அன்று இரவே கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வந்தது பிறகுதான். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களும், ஒரு கூட்டம் ஒளித்துச் சதி செய்கிறது, நம் சனத்தை எச்சரிக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கொல்லத்தில் 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில் கூஃபி எழுத்தில் கையொப்பம் வைத்தவர்களையும், அஞ்சுவண்ணம் என்ற வணிகச் சங்கத்தையும் பற்றி அடுத்த பதிவில், இன்ஷா அல்லாஹ். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளே, திங்கட்கிழமை கவராயமும் மூலைமட்டமும் கொண்டு வாருங்கள்.