கல்வாயில் கூறும் கதை

மரத்தால் மாளிகை சமைத்து, வளைந்த கூரை வேய்ந்து, அதன்மீது நாகத்தை நெளியவிட்டு அழகு பார்ப்பது சீனத்தார் மரபு. சீயான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலும் அம்மரபை ஏற்று எழுந்ததே. ஆனால் தென்கிழக்குக் கடற்கரையில், சுவான்சௌ நகரிலே, அம்மரபுக்கு முற்றும் மாறாக ஒரு கருங்கல் வாயில் நிமிர்ந்து நிற்கிறது! கூர்முனை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நம்மை உள்ளே அழைக்கின்றன. சுவரிலே அரபு எழுத்துகள் அணிவகுக்கின்றன. 1009-இல் எழுப்பப்பெற்று, 1310-இல் ஷிராசு நகரத்து மரபினர் ஒருவரால் புதுக்கப்பெற்ற சிங்ஜிங் பள்ளிவாசல் அது. ‘தூய்மை’ என்பது அப்பெயரின் பொருள்.

அரபியரும் பாரசீகரும் வாளேந்தி அங்கு வரவில்லை. வாணிகம் நாடி வந்தனர். நறுமணப் பொருள்களை இறக்கினர். பட்டும் பீங்கானும் ஏற்றினர். தமிழரும் சென்றனர். கடல் கடப்பது பாவமென்று சாத்திரம் எழுதி வைத்தோர் இங்கே கரையில் இருக்க, அச்சாத்திரத்தை அலையிலே வீசிவிட்டுச் சென்ற நம் வணிகர், 1281-இல் அந்நகரில் சிவன் கோயில் ஒன்றுக்காகத் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். பள்ளிவாசலும் பௌத்த விகாரமும் சிவன் கோயிலும் ஒரே ஊரில்! துறைமுகம் செழித்தது; தொழில் செழித்தது.

பின்னர்? 1357-இல் அந்நகரத்துப் பாரசீகப் படையினர் கலகக் கொடி தூக்கினர். பத்தாண்டுக்காலம் குருதி கொட்டியது. முடிவிலே வஞ்சம் தீர்க்கப் புறப்பட்டோர், கலகம் செய்தவனையும் கடை வைத்திருந்தவனையும் பிரித்துப் பார்த்தார்களா? இல்லை. அயலவன் என்பதே குற்றமாயிற்று, வெட்டி வீழ்த்தினர்.

1407-இல் யோங்லெ பேரரசர் ஓர் ஆணை பிறப்பித்தார்: அதிகாரியோ, படைவீரரோ, குடிமக்களோ முஸ்லிம்களைத் துன்புறுத்தினால் தண்டனை! அவ்வாணை பொறித்த கல் இன்றும் அப்பள்ளிவாசலில் உள்ளது. நல்ல ஆணைதான். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: மன்னன் புன்னகையால் கிடைத்த பாதுகாப்பு, அடுத்தவன் புருவம் நெரித்தால் நிலைக்குமா? மக்கள் மனத்திலே வேரூன்றிய உரிமையன்றோ உரிமை!

இன்று அத்தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, வானமே கூரை. அழிந்துபட்ட இந்துக் கோயிலின் சிற்பத்தூண்களோ, அந்நகரத்துக் கையுவான் பௌத்தக் கோயிலைத் தாங்கி நிற்கின்றன. ஒரு சமயத்தின் தூண் மற்றொரு சமயத்தின் கூரையைச் சுமக்கிறது. கல்லுக்குத் தெரிந்தது மனிதனுக்கு மறந்துவிடுகிறது! 2021-இல் சுவான்சௌவின் சின்னங்கள் உலக மரபுச் சொத்தாயின. கல்லைக் காக்கச் சட்டம் வந்தது. கல்லுக்குள்ளே உறங்கும் கருத்தைக் காக்க வேண்டியவர் யார்? நாமன்றோ!