அழகிய மணவாளன் திருநாமம் பூண்ட நால்வரும் அவர்தம் நூல்களும்

அழகிய மணவாளன் என்பது திருவரங்கத்து நம்பெருமாளின் திருநாமம். அத்திருநாமத்தைத் தாங்கிய நூலாசிரியர்களில் நால்வர் நம்மவர் நன்கறிந்தவர்கள். ஏட்டுச் சுவடிகளின் அட்டவணைகளும் நூலகப் பட்டியல்களும் அகர வரிசையை நோக்குமேயன்றி ஆசார்ய பரம்பரையை நோக்கா. ஆதலால் ஒருவருடைய நூலைத் தேடுபவர் மற்றொருவருடைய நூலைக் காண நேரிடுகிறது. இது வெறும் பெயர்க் குழப்பமன்று. வ்யாக்யானங்களில் ஒரு வாக்யத்தின் ப்ராமாண்யம் அதை அருளிச்செய்தவரையும் அவர் காலத்தையும் பற்றி நிற்பது. ஆசிரியர் மாறினால் முன்னோர் வார்த்தை பின்னோர் வார்த்தையாகிவிடும். ஒருவரை மற்றொருவர் அடியொற்றினார் என்னும் முறையும் தலைகீழாகிவிடும்.

முதல்வர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் இளைய குமாரர். பிள்ளை லோகாசார்யரின் திருத்தம்பியார். மார்கழி அவிட்டத்தில் திருவவதாரம். ஆசார்ய ஹ்ருதயம், திருப்பாவைக்கு ஆறாயிரப்படி, அமலனாதிபிரானுக்கும் கண்ணிநுண்சிறுத்தாம்புக்கும் வ்யாக்யானங்கள், அருளிச்செயல் ரஹஸ்யம் ஆகியவை இவருடையவை.

இரண்டாமவர் வாதிகேஸரி அழகிய மணவாளச் சீயர். பெரியவாச்சான் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தவர். திருவாய்மொழிக்குப் பதவுரையாக அமைந்த பன்னீராயிரப்படி இவர் அருளியது. கீதையை வெண்பாவாக்கியவரும் இவரே.

மூன்றாமவர் பெரிய ஜீயர் என்று போற்றப்படும் மணவாள மாமுனிகள். 1370ஆம் ஆண்டு, ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தில் அவதரித்தவர். துறவறம் பூணுமுன் இவர் திருநாமமும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்பதே. இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. ஆசார்ய ஹ்ருதயத்தை இயற்றியவரும், அதற்கு வ்யாக்யானம் இட்டவரும் ஒரே பெயருடையவர்கள். மூலமும் உரையும் சேர்ந்து கிடைக்கும் ஏட்டில் பெயரை மட்டும் படித்து எழுதிக்கொள்பவர், இரண்டையும் ஒருவர் செயலாகவே பதிவு செய்ய இடமுண்டு.

நான்காமவர் பிள்ளைப் பெருமாள் ஐயங்கார். அழகிய மணவாள தாஸர் என்னும் தாஸ்ய நாமம் உடையவர். திவ்யகவி என்று புகழ்பெற்றவர். திருவரங்கக் கலம்பகம், அழகரந்தாதி, நூற்றெட்டுத் திருப்பதி அந்தாதி முதலான அஷ்டப்ரபந்தம் இவருடையது. வ்யாக்யாதா அல்லர், கவி. ஆகையால் இவர் நூல்களைப் பிரித்தறிவது எளிது.

வடமொழியில் இப்பெயர் இன்னும் பலவாகக் கிளைக்கிறது. ரம்யஜாமாதா, ஸௌம்யஜாமாதா, ஸுந்தரஜாமாதா, வரவரர் ஆகிய யாவும் அழகிய மணவாளன் என்பதன் மொழிபெயர்ப்புகளே. எனவே ஒருவருடைய நூல்கள் அகரத்திலும் மகரத்திலும் ரகரத்திலும் ஸகரத்திலும் வகரத்திலும் சிதறிக் கிடக்கின்றன. பலருடைய நூல்கள் ஒரே எழுத்தின் கீழ்க் கூடிக் கிடக்கின்றன. ஓரெழுத்தின் கீழ் மட்டும் தேடுபவர் பாதியை இழப்பார். அங்குக் கண்டதையெல்லாம் ஒருவருக்கே உரியதாகக் கொள்பவர் பிறர் பொருளையும் சேர்த்துக்கொள்வார்.

இதற்கு வழியாது எனில், பூர்வாசார்யர்களே காட்டிச் சென்றிருக்கிறார்கள். அது தனியன். ஆசார்ய ஹ்ருதயத்தின் தனியன் ஆசிரியரை ரம்யஜாமாத்ரு தேவர் என்று கூறியதோடு அமையாமல், க்ருஷ்ணரின் குமாரர் என்று தந்தையாரையும் சேர்த்துச் சொல்கிறது. அத்தந்தையார் க்ருஷ்ணபாதர் எனப்படும் வடக்குத் திருவீதிப் பிள்ளை. வாதிகேஸரியின் தனியன் ஸுந்தரஜாமாத்ரு முனி என்று வேறு பதத்தை ஆள்கிறது. மாமுனிகளின் தனியன் ஸ்ரீசைலேசர் எனப்படும் திருவாய்மொழிப் பிள்ளையின் க்ருபைக்குப் பாத்ரமானவர் என்று ஆசார்யரை முன்னிட்டே தொடங்குகிறது. திருநாமம் ஒன்றானாலும் ஸம்பந்தம் வேறு. ஸம்பந்தத்தைக் கொண்டே ஆள் தெளிவாகிறது.

ஆயினும் ஸம்பந்தத்தையும் முழுவதும் அறிந்தே ஆளவேண்டும். க்ருஷ்ணர் என்பது பெரியவாச்சான் பிள்ளைக்கும் திருநாமம். அவர் சிஷ்யரான வாதிகேஸரியும் க்ருஷ்ணரோடு தொடர்புடையவரே. ஒருவர் க்ருஷ்ணருக்குக் குமாரர், மற்றொருவர் வேறொரு க்ருஷ்ணருக்குச் சிஷ்யர். இவ்வேறுபாட்டைக் கருதாவிடில் குழப்பம் நீங்காது, இடம் மாறும்.

மாமுனிகள் தாமே உபதேச ரத்தினமாலையில் இவ்விருவரையும் குறிப்பிடுகிறார். தம் திருநாமத்தையே உடைய முன்னோரிருவரைத் தம் நூலில் எவ்வாறு வேறுபடுத்துகிறார் என்பது கவனிக்கத்தக்கது. வாதிகேஸரியைச் சீயர் என்னும் ஆச்ரமப் பெயராலும், பன்னீராயிரம் என்னும் அளவாலும் அடையாளப்படுத்துகிறார். நாயனாரையோ லோககுருவின் தம்பி என்று உறவால் குறித்து, அதன்மேல் மணவாளமுனி என்கிறார். அங்கு முனி என்னும் சொல்லை மட்டும் கொண்டு ஸந்யாஸி என்று துணிபவர் வழி தவறுவார். தம்பி என்னும் சொல்லே அங்கு ஆளைக் காட்டுவது.

அளவைக் குறிக்கும் படிக்கணக்கும் துணை செய்யும். ஆனால் அதுவும் தனித்து நின்று போதாது. முப்பத்திரண்டு எழுத்துக்கள் ஒரு க்ரந்தம் என்னும் கணக்கில் இப்பெயர்கள் எழுந்தன. ஆறாயிரப்படி என்றால் நாயனாரின் திருப்பாவை வ்யாக்யானமும் ஆகலாம், திருக்குருகைப்பிரான் பிள்ளானின் திருவாய்மொழி வ்யாக்யானமும் ஆகலாம். மூலத்தின் பெயரைச் சேர்க்காத படிக்கணக்கு அரைக்குறிப்பே.

ஆகவே சுவடிகளைப் பட்டியலிடுவோரும் பதிப்பிப்போரும் திருநாமத்துக்குப் பின் தந்தையார் அல்லது ஆசார்யர் பெயரையும், எம்மூலத்துக்கு வ்யாக்யானம் என்பதையும் எழுதுதல் வேண்டும். ஏட்டின் முதலிலோ முடிவிலோ உள்ள தனியனை விட்டுவிடாமல் படியெடுத்தல் வேண்டும். தனியன் நூலுக்குப் புறம்பானது என்று கருதி நீக்கிய பதிப்பில், ஆசிரியரை அடையாளம் காட்டும் சான்று ஒன்று நூலோடு இல்லாமற் போகிறது. தனியனை அநுஸந்தித்த பின்பே நூலைத் தொடங்குதல் நம் ஸம்ப்ரதாயம். அதைக் கைக்கொள்பவர், நால்வரில் எவர் திருவடியில் தாம் அமர்ந்திருக்கிறோம் என்பதை முதலிலேயே அறிவார்.