இருட் கோடுகள் கூறும் வரலாறு

நமுனுகுலை மலையில் மூடுபனி இறங்கும் இரவுகளில், எதிர் மலை லயத்து விளக்குகள் மங்கித் தெரிவதை ஸ்பிரிங்வெளியில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இருளிலே பனி கண்ணுக்குப் புலப்படாது. விளக்கொளி குறைந்ததைக் கொண்டே இடையில் பனி நிற்பதை உணர்கிறோம். அதுபோல, தாமாக ஒளி வீசாத வாயு மேகங்களை, அவற்றின் பின்னாலிருந்து வரும் ஒளியின் குறைவைக் கொண்டு வானியலார் அறிகின்றனர். அவ்வறிவு வளர்ந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்கின்றோம்.

1814ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பிரவுன்ஹோபர், சூரிய ஒளியை அரியத்தின் ஊடே செலுத்தி, விரிந்த நிறமாலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டார். அவற்றின் பொருளை 1859இல் கிர்க்கோப், புன்சன் இருவரும் விளக்கினர். ஒவ்வொரு மூலகத்தின் வாயுவும் தனக்கே உரிய நிறங்களை மட்டும் உறிஞ்சும். அந்நிறங்கள் இருந்த இடத்தில் இருட் கோடுகள் நிற்கும். 1904இல் ஹார்ட்மன் என்பார், ஓரியன் மண்டலத்து இரட்டை விண்மீன் ஒன்றை ஆராய்ந்தார். ஏனைய கோடுகள் விண்மீனின் அசைவுக்கேற்ப இடம்பெயர, கல்சியக் கோடு மட்டும் அவ்வாறு பெயரவில்லை. அக்கல்சியம் விண்மீனுக்குரியதன்று, வழியிலே நிற்பது என்ற உண்மை பிறந்தது. தமிழ் மண்ணிலும் இக்கலை வளர்ந்தது. கோடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் எவர்ஷெட், இத்தகைய கோடுகளின் பெயர்ச்சியைக் கொண்டே சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

1963இல் மார்ட்டன் ஷ்மிட், விண்மீன்போல் தோன்றிய 3சீ 273 என்னும் பொருள் மிகத் தொலைவிலுள்ள பேரொளி என்று கண்டார். இத்தகையவற்றைக் குவேசார் என்பர். பிரபஞ்சம் விரிவதால், வரும் வழியில் ஒளியின் அலை நீண்டு கோடுகள் சிவப்பை நோக்கிப் பெயரும். தொலைவு கூடினால் பெயர்ச்சியும் கூடும். ஆதலின், இடைவழி மேகம் ஒவ்வொன்றும் தன் தொலைவுக்கேற்ற இடத்தில் கோடு பதிக்கும் என்று 1965இல் பாக்கால், சால்பீற்றர் இருவரும் முன்கூட்டியே கூறினர். மறு ஆண்டே 3சீ 191 என்ற குவேசாரில் உறிஞ்சற் கோடுகள் கிடைத்தன. 1971இல் ரோஜர் லிண்ட்ஸ், ஐதரசன் கோடுகள் காடுபோல் அடர்ந்து நிற்பதைக் கண்டார்.

ஆயின் பெரும் வழக்கொன்று எழுந்தது. அம்மேகங்கள் வழியில் நிற்பனவா, குவேசாரே வீசி எறிந்தனவா? சில கோடுகள் குவேசாரைச் சார்ந்தனவே. எனினும் 1980இல் சார்ஜன்ட் குழுவினர் பல குவேசார்களை ஒப்பிட்டு, ஐதரசன் காடு இடைவழியது என்பதற்கு வலுவான சான்று தந்தனர்.

இனி, இக்கோடுகளால் ஆன பயன் யாது? வான்வெளி முழுவதும் பரந்துள்ள பழைய வெப்பக் கதிரின் வெப்பநிலை இன்று 2.7 கெல்வின். பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்தது உண்மையாயின், முற்காலத்தில் அது கூடுதலாக இருந்திருத்தல் வேண்டும். சென்ற காலத்தில் வெப்பமானி வைத்தவர் எவர்? அம்மேகங்களே வெப்பமானிகள்! இந்தியாவின் புனே நகர ஆய்வாளர் ஸ்ரீஆனந்த், பிரான்சிய ஆய்வாளர் பெத்தித்ஜான், லெடூ ஆகியோருடன் சேர்ந்து, சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கியால் ஒரு மேகத்தின் காபன் கோடுகளை ஆராய்ந்தார். ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விடத்து வெப்பநிலை 6க்கும் 14க்கும் இடைப்பட்டது என 2000இல் வெளியிட்டனர். கொள்கை கூறியது 9.1. 2008இல் வேறொரு மேகத்தின் காபனோரொட்சைட்டுக் கோடுகளை அளந்தபோது 9.15 கெல்வின் என்று கிடைத்தது; அங்குக் கொள்கை கூறியது 9.3. எண்ணுந்தோறும் வியப்பன்றோ!

வாலிபர்களே, சித்திரை மாதத்துத் தெளிந்த இரவில், எட்டு அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால், கன்னி மண்டலத்தில் 3சீ 273ஐ நீங்களே காணலாம். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. அதன் பாதையிலும் ஐதரசன் மேகங்கள் நிற்பதை 1991இல் ஹபிள் தொலைநோக்கி காட்டிற்று.

ஒளி வீசியவர்களின் கதை மட்டுமே வரலாறாகாது. இம்மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டிமாருள் நூல்களில் பெயர் பெற்றோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்கள் பதித்த தடங்கள் இங்கே நிற்கின்றன. மேகங்களின் தடத்தை வாசித்தோர் காட்டிய பொறுமையோடு, பெரியோர்களிடம் கேட்டு அவற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும்.