தலைமேல் சுமந்து வந்த பார்சுவநாதர்

திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் தலைநகராக இருந்தது. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, கையில் காசில்லாத பாணன் ஒருவன் எவ்வழியே நடந்தால் அவனை அடையலாம் என்று கூறும் நூல். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், பின்னர்க் கிடங்கில் என ஊர்களை வரிசைப்படுத்தி, எவ்வூரில் எவர் வாழ்கின்றனர், வழிப்போக்கனுக்கு என்ன உணவு தருவர் என்பதையும் நத்தத்தனார் 269 அடிகளுக்குள் அமைத்துவிட்டார். கடற்கரையூரில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்ட சோற்றோடு ஆமான் இறைச்சி, ஆமூரில் நண்டுக்கறி. பாணனுக்கு அது பெருவிருந்து. சாவகக் குடும்பம் ஒன்று அதே வழியில் சென்றிருப்பின் பட்டினியோடுதான் கிடங்கிலை அடைந்திருக்கும்.

ஆகவே சமணர்க்கு வேறோர் ஆற்றுப்படை வேண்டியிருந்தது. அதை எவரும் செய்யுளாக இயற்றவில்லை. ஆனால் ஊர்களாகவும் பள்ளிகளாகவும் கற்படுக்கைகளாகவும் அது விழுப்புரம் மாவட்டம் முழுவதும் கிடக்கிறது.

அந்நூல் கூறும் வேலூர் இன்றைய உப்புவேலூரே என்பர். அவ்வூரிலிருந்து புறப்பட்ட மற்றொரு நடைப்பயணம் தமிழ்ச் சமணர் இன்று சமணராக வாழ்வதற்குக் காரணமாயிற்று. 1906ஆம் ஆண்டு டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர், நம் முன்னோர் வாய்மொழியாகப் போற்றிவந்த அவ்வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. 1478ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் உயர்குடிப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பினான். சமணர் பெண் கொடுத்தால் தாமும் கொடுப்பதாக அந்தணர் கூறினர். சமணருள் ஒருவர் இசைந்தார். மணநாளன்று அரசன் வந்து பார்த்தபோது வீடு வெறிச்சோடியிருக்க, திண்ணைத் தூணில் பெண்நாய் ஒன்று கட்டப்பட்டிருந்ததாம். சினங்கொண்ட அவன் சமணர் அனைவரையும் கொல்ல ஆணையிட்டான்.

நாயைக் கட்டிவிட்டு ஊரைவிட்டு அகலும் கதை தமிழகத்தில் வேறு பல குடியினரிடமும் வழங்குவதுதான். அதை எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. 1478இல் செஞ்சியில் நாயக்கர் ஆட்சி இருந்ததா என்பதும் விவாதத்திற்குரியதே. ஆயினும் ஆணைக்குப் பின் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படுபவை வெறுங்கதையாகத் தோன்றவில்லை. சிலர் நாடு விட்டு நீங்கினர். சிலர் மறைவாக நெறியைப் பேணினர். பலர் பூணூலைக் களைந்து நெற்றியில் திருநீறு அணிந்தனர். நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் அதன் எச்சமாக நின்றது.

அக்காலத்தில் வேலூர்க் குளக்கரையில் மாலை வழிபாட்டில் ஈடுபட்டிருந்த சமணர் ஒருவர் அரசனின் ஏவலரிடம் அகப்பட்டார். அன்று அரசனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் உயிர் தப்பினார். அதன்பின் அவர் வீடு திரும்பி அடங்கியிருக்கவில்லை. துறவு பூண்டு சிரவணபெளகொளா சென்று அறநூல்களைக் கற்றார். அவரையே வீரசேனாசாரியர் என்று போற்றுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து சிரவணபெளகொளா இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும் 20 நாள் ஆகும். துறவியோ நினைத்த வேளையில் நடக்க இயலாது. முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து, சிற்றுயிர் எதுவும் மிதிபடாமல் அடியெடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஈர்யா சமிதி என்று பெயர். இருட்டில் வழி நடத்தல் கூடாது. மழைக்கால நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். பணத்தைத் தொடலாகாது. திகம்பர முனிவராயின் நாளுக்கு ஒரே வேளை, நின்றவாறு, கையிலேற்றே உண்பார். மயிற்பீலியும் கமண்டலமும் ஏடும் தவிர அவருக்குப் பொதி இல்லை.

இத்தனை கட்டுப்பாடுகளோடு ஒருவர் இரு நாடுகளைக் கடப்பது எவ்வாறு? அவர் நடக்கும் ஒவ்வொரு நாளின் முடிவிலும், தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சித் தரத் தெரிந்த ஒரு வீடேனும் இருக்க வேண்டும். வழியை வகுப்பது முனிவரின் கால்கள் அல்ல, சாவகரின் அடுக்களைகள். நேர்வழியில் அத்தகைய ஊர் இல்லையெனில் சுற்றுவழியே வழி. திருவண்ணாமலை, செங்கம் கணவாய் வழியே மேட்டுநிலம் ஏறுவது இயல்பான பாதை. அதற்கப்பால் தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், நுளம்ப மன்னர் காலத்திலேயே சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வீரசேனர் எவ்வழி சென்றாரென்று கெசட்டியர் கூறவில்லை. எனினும் இத்தகைய ஊர்கள் இன்றி அவர் சென்றிருக்க இயலாது.

அவரைத் திரும்ப அழைத்துவந்தவர் தாயனூர்க் காங்கேய உடையார். செஞ்சி நாட்டிலிருந்து தப்பிய இவர் உடையார்பாளையம் சமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்தார், நிலமும் பெற்றார். அதனோடு அமையாமல் சிரவணபெளகொளா சென்று வீரசேனரைக் கண்டு அழைத்துக்கொண்டு, செஞ்சி நாட்டின் ஊர்தோறும் சென்று, நீறு பூசியவர்களைத் தாய்நெறிக்கு மீட்டார். திரும்பி வருகையில் வீரசேனர் பார்சுவநாதரின் உலோகத் திருமேனி ஒன்றைத் தலைமேல் சுமந்து வந்ததாகவும், அது வேலூர் ஜினாலயத்தில் வைத்துப் போற்றப்படுவதாகவும் கெசட்டியர் குறிக்கிறது. அறநூல்களைக் கற்று வந்தவர், அச்சத்தால் ஒளிந்து வாழ்ந்த மக்களுக்குக் கண்ணால் காணத்தக்க ஒன்றும் வேண்டும் என்று கருதினார் போலும். காங்கேய உடையார் மரபினர்க்கு விழாக்களில் முதல் தாம்பூலம் அளிக்கும் வழக்கம் இந்த நன்றியால் ஏற்பட்டதே.

இருவரும் ஊர்தோறும் சென்ற அந்நிலம் புதிதாக நடக்கப்பட்டதன்று. செஞ்சியை அடுத்த தொண்டூர்க் குன்றில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளன. சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, இளங்காயிபன் ஏவ, அகலூரின் அறமாக, மோசி என்பான் அவ்விருப்பிடத்தை அமைத்ததைத் தெரிவிக்கிறது. அதற்கு அடுத்த நூற்றாண்டினதாகக் கருதப்படும் நேகனூர்ப்பட்டிக் கல்வெட்டு, பெரும்பொகழ் என்னும் ஊரைச் சேர்ந்த சேக்கந்தியின் தாய் சேக்கந்தண்ணி பள்ளி ஒன்று செய்வித்ததைக் கூறுகிறது. அவ்வூர் இன்றைய பெரும்புகை. அரசர் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. நடந்து களைத்து வரும் முனிவர்க்கு இரவில் முதுகு சாய்க்க வழவழப்பான கல் வேண்டும் என்று ஓர் ஊரும் ஒரு தாயும் எண்ணியிருக்கின்றனர், அவ்வளவே. அகலூரில் இன்றும் நம் மக்கள் வாழ்கின்றனர் என்பதைச் சேர்த்துப் படிக்கும்போது அக்கல்வெட்டின் அருமை விளங்கும். ஒரே ஊர், ஒரே அறம், 1700 ஆண்டுகள்!

நடந்து வந்தோர் சிலர்க்கு இம்மண்ணே இறுதி இடமாயிற்று. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து சந்திரநந்தி ஆசிரியரும், 30 நாள் நோன்பிருந்து இளையபட்டாரரும் உயிர்நீத்த நிசீதிகைகளை அங்குள்ள கல்வெட்டுகள் சுட்டும். ஒரே பாறையில் இரு வரிசையாக 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதும் அக்குன்றில்தான். நோன்பிருந்தவருக்கு உணவு தேவையில்லை. ஆயினும் அத்தனை நாளும் உடனிருந்து பணி செய்தவர்க்கு அருகிலிருந்த ஊர்களே சோறிட்டிருக்க வேண்டும். கல்வெட்டு அதைச் சொல்வதில்லை.

திண்டிவனம் வட்டத்தில் மடாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடைய தலைமை ஊர்களாக ஏழினைக் கெசட்டியர் பெயர் சுட்டிக் கூறுகிறது: சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெரமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர். சூடாமணி நிகண்டு தந்த மண்டலபுருடரோடு தொடர்புடையதாகப் பேசப்படும் ஊர் இவற்றுள் பெரமண்டூர். மடாதிபதி அக்காலத்தில் பல்லக்கில் சீடர் சூழச் சென்று வழக்குகளைத் தீர்த்தார், செலவைச் சமுதாயம் ஏற்றது என்றும் அதில் காண்கிறோம். பல்லக்கின் பெருமையைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் அப்பல்லக்கு சென்ற பாதையை முதலில் வகுத்தது, தலையில் திருமேனியோடு வந்த ஒருவரின் வெறுங்கால்.

இன்று திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விகாரம் செய்யும் துறவியர்க்கு, நான்கு முழம் முன்னே பார்த்து நடப்பதே இடராகிவிட்டது. பின்னே வரும் லாரியையும் அல்லவா பார்க்க வேண்டியிருக்கிறது! நாட்டின் பல பகுதிகளில் சாலை விபத்தில் சமணத் துறவியர் உயிரிழந்த செய்திகளை அவ்வப்போது படிக்கிறோம். இல்லறத்தாரோ சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்கும் பொன்னூர்மலைக்கும் சென்னையிலிருந்து காரில் வந்து, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆயினும் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடைப்பட்ட ஏரிக்கரையும் குன்றும் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகின்றன. மதுரையில் பசுமை நடையும், நம்மவர் முன்னின்று நடத்தும் அகிம்சை நடையும் சமணத் தலங்களுக்கு மக்களை அழைத்துச் செல்லத் தொடங்கியது இக்குறையைச் சிறிது போக்கியிருக்கிறது.

அந்த ஏழு ஊர்களையும் தொண்டூர், திருநாதர்குன்றோடு இணைத்துத் தை, மாசி மாதங்களில் சில நாள்களில் நடந்துவிடலாம். பெருஞ்செலவும் ஆகாது. கதிர் எழுந்தபின் புறப்பட்டு வெயில் ஏறுமுன் அடுத்த ஊரை அடைவது, நண்பகலில் ஜினாலயத்தில் தங்குவது, பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிப்பது. முனிவர்க்கு ஏற்பட்ட நியமம் இல்லறத்தார் நடைக்கும் இசைவாகவே இருக்கிறது. ஒரு மாற்றுடை, விரிப்பு, தண்ணீர் வடிகட்டும் துணி, சொம்பு ஆகியவை போதும்.

தடை வேறோரிடத்தில் உள்ளது. பல ஊர்களில் இளையோர் பிழைப்பை நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். நூறு பேர்க்கு உலை வைத்த வீடுகள் சில பூட்டிக் கிடக்க, ஜினாலயத்துச் சாவி ஓரிரு முதியவரிடம் இருக்கிறது. ஆகவே நடக்க எண்ணுவோர் முதலில் செய்ய வேண்டியது வழித்தடம் வரைவதன்று. எந்த ஊரில் எவர் வீட்டில் இன்னும் அடுப்பு எரிகிறது, அவர் எத்தனை பேருக்குச் சோறு வடிக்க இயலும், கிணற்றில் நீர் உண்டா என்று நேரில் சென்று கேட்டு வருவதுதான். அரிசியும் பருப்பும் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். சமைக்கும் கை அந்த ஊருடையதாக இருக்கட்டும்.